மழை ஒரு தாளில், வீடு இன்னொரு தாளில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர வெள்ளத்தைப் பள்ளியில் எப்படிச் சொல்லித்தரலாம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். நிலம், மழை, சரித்திரம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பாடமாக நடத்த வேண்டும் என்பதில் எனக்கு முழுச் சம்மதம். சாட்ஸ்வொர்த்தில் புவியியல் ஆசிரியையாக இருக்கும் நானும் அப்படித்தான் நடத்துகிறேன். ஆனால் கட்டுரை ஒரு கேள்வியைத் தொடவில்லை. சேர்த்து நடத்தினோம், சரி. பிள்ளைகள் சேர்த்துப் புரிந்துகொண்டார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதில் நான் ஒரு தடவை ஏமாந்திருக்கிறேன். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் பெய்த மழையை வைத்து ஒரு பாடம் தயாரித்தேன். சில இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியதும், 400-க்கும் மேற்பட்டோர் இறந்ததும் அதில் இருந்தன. டர்பன் மேடுகளில் உள்ள பெரீயா சிவப்பு மணல் நீரில் ஊறினால் பிடிப்பை இழந்து சரியும் என்பதையும், எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்துவைத்த, 1950-இல் வந்த குழுப் பகுதிச் சட்டம் இந்திய வம்சாவளியினரான நம்மவர்களை எங்கிருந்து பெயர்த்து எங்கே வைத்தது என்பதையும் சேர்த்திருந்தேன். கடைசியில், சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு. பிள்ளைகள் மதிப்பெண்ணை அள்ளினார்கள். எனக்கு ஒரே சந்தோஷம்.

அப்புறம் ஒரு நாள் வகுப்பில் கேட்டேன்: "அதே மழைதானே பெய்தது? ஒரு மேட்டில் வீடு நின்றது, பக்கத்து மேட்டில் ஏன் மண்ணோடு போனது? அந்த வீடு அங்கே ஏன் இருந்தது?" யாரும் வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பையன், "மழை அதிகம், மேம்" என்றான்.

அவர்கள் வெள்ளத்தை நேரில் பார்த்த பிள்ளைகள். பருவநிலை மாற்றம் என்ற சொல்லை டிவியில் எத்தனையோ தடவை கேட்டவர்கள். தேர்வில் எழுதியதில் பாதி அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். பாடத்தைத் தொடங்கும் முன் நான் ஒன்றும் கேட்டுப் பார்க்காததால், அந்த மதிப்பெண்ணில் என் பாடத்தின் பங்கு எவ்வளவு என்று கண்டுபிடிக்கவே வழியில்லாமல் போனது.

அமெரிக்காவில் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியில் 2012-இல் தொடங்கிய 'இன்டக்ரேட்' என்ற திட்டம் எனக்கு வழி காட்டியது. பூமி அறிவியலைச் சமூகப் பிரச்சினைகளோடு இணைத்துக் கற்பிக்கும் பாடங்களை அதில் உருவாக்கினார்கள். பாடம் முடிந்ததும் மாணவருக்கு என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று முதலில் எழுதிக்கொண்டு, அது வந்ததா என்று காட்டும் கேள்வியையும் பாடத்துக்குள்ளேயே வைத்தார்கள். வெவ்வேறு கல்லூரி ஆசிரியர்கள் கூடி எழுதி, தங்கள் வகுப்புகளில் நடத்தி, மாணவர் எழுதியதைத் திரட்டிப் பார்த்தார்கள். விடைத்தாளில் குறை தெரிந்தால் பாடத்தைத் திருத்தினார்கள்.

நானும் மாறினேன். பாடம் தொடங்கும் நாளிலும் முடியும் நாளிலும் அந்த மேட்டுக் கேள்வியையே கேட்கிறேன். பிள்ளைகள் பெட்டி பெட்டியாக வரைகிறார்கள்: மழை, மண், சரிவை வெட்டிக் கட்டிய வீடு, சிமெண்ட் போட்ட முற்றம், குப்பை அடைத்த வடிகால், சட்டம். பெட்டிக்கு மதிப்பெண் கிடையாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போடும் அம்புக்குத்தான் உண்டு. அம்பின்மேல் 'ஏன்' என்று ஒரு வரியும் ஆதாரமும் வேண்டும். "பருவநிலை மாற்றம்" என்று மட்டும் எழுதினால் போதாது. அத்தகைய மழை முன்பு 40 ஆண்டுக்கு ஒரு முறை வரக்கூடியது, இப்போது 20 ஆண்டுக்கு ஒரு முறை வரக்கூடும் என்று விஞ்ஞானிகள் 2022-லேயே கணக்கிட்டார்களே, அப்படி ஒன்றைச் சொல்ல வேண்டும். எதற்கு மதிப்பெண் என்பதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

அந்தப் படங்களைத் தரையில் பரப்பிவைத்துப் பார்த்தபோதுதான் என் பாடத்தின் ஓட்டை தெரிந்தது. பெரும்பாலான படங்களில் 'சட்டம்' என்ற பெட்டி அம்பே இல்லாமல் மூலையில் கிடந்தது. தப்பு பிள்ளைகளுடையது இல்லை. மழை வரைபடத்தை ஒரு நாளும் குடியிருப்பு வரைபடத்தை இன்னொரு நாளும் காட்டிய நான், இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கச் சொல்லவே இல்லை. இப்போது ஊடுதெரியும் மெல்லிய தாள்களில் ஆறு, சரிவு, குடியிருப்பு மூன்றையும் வரைந்து அடுக்குகிறோம். 1917 அக்டோபரில் டர்பனின் உம்கேனி ஆறு பெருகியபோது படவட்டன் அறுவர் என்று பெயர்பெற்ற நம் மீனவர்கள் 176 பேரைப் படகில் மீட்ட இடமும், 1976-இல் மூழ்கிய டின் டவுன் என்ற ஆற்றோரத் தகரக் குடியிருப்பும் அதில் அருகருகே வந்துவிடுகின்றன. டின் டவுன் மக்களை அப்புறம் டர்பனுக்கு வடக்கே உள்ள ஃபீனிக்ஸில் குடியேற்றினார்கள்.

ஒரு மாணவி அந்தத் தாள்களை வீட்டுக்கு எடுத்துப்போய் ஆயாவிடம், அதாவது பாட்டியிடம், காட்டினாள். மறுநாள் 'சட்டம்' பெட்டியிலிருந்து இரண்டு அம்புகள் போட்டிருந்தாள், ஒன்று ஆற்றங்கரைக்கு, மற்றது சரிவுக்கு. "நமக்கு வேறே எங்கே இடம் குடுத்தாங்க?" என்று ஆயா சொன்னதை ஆதாரமாக எழுதியிருந்தாள். சாட்சி சொன்னதாக எடுத்துக்கொண்டு மதிப்பெண் கொடுத்தேன், சட்டம் வந்த ஆண்டையும் பக்கத்தில் எழுதச் சொன்னேன்.

இப்படித் திருத்த ஒரு சனிக்கிழமை முழுதும் போய்விடுகிறது, அது உண்மை. அதைவிடப் பெரிய தடை, பள்ளி முடிவில் எழுதும் மெட்ரிக் தேர்வு. 2021 முதல் புவியியலுக்கு 150 மதிப்பெண் வீதம் இரண்டு தாள்கள். வானிலையும் நிலவடிவும் முதல் தாளில், குடியிருப்பும் பொருளாதாரமும் இரண்டாம் தாளில். மழை ஒரு நாள், வீடு இன்னொரு நாள். இரண்டையும் இணைக்கத் தெரிந்த பிள்ளைக்கு அதைக் காட்ட இடம் மிகக் குறைவு. இரண்டு தாள்களின் பாடத்தையும் சேர்த்துத் தொடும் ஒரே ஒரு கேள்வியாவது வர வேண்டும். அது வரும்வரை, பள்ளிக்குள் போடும் மதிப்பெண்ணிலாவது ஆசிரியர்கள் இதற்கு இடம் கொடுக்கலாம்.

வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஸ்பிரிங்ஃபீல்ட் ஆற்றோரம், டின் டவுன், பழைய சாட்ஸ்வொர்த் படங்கள் வீட்டில் இருந்தால், எந்த இடம், எந்த ஆண்டு என்று பின்பக்கத்தில் எழுதி, நகல் ஒன்றை உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பட்டும். அடுத்த ஏப்ரலில் பாடம் தொடங்கும் முன் கிடைத்தால் அவற்றையும் தாள்களோடு அடுக்குவோம்.

அன்புடன்,
ஒரு புவியியல் ஆசிரியை,
சாட்ஸ்வொர்த், டர்பன்