ஒயின் சுவைக் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பிரான்சின் போர்தோ நகரில் மாதம் ஒருமுறை கூடும் நம் குழு, ஆகஸ்ட் தவிர எல்லா மாதமும் கூடியது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் சுவைத்ததைப் பற்றிச் சொல்கிறேன்.

பிப்ரவரியில் திறந்த ஒரு பாட்டிலில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தது. தக்கையால் கெட்ட ஒயின். ஆனால் லேபிளைப் பார்த்துவிட்ட சிலர் அதை மண் வாசனை என்று பாராட்டி எழுதினார்கள். அன்றே முடிவெடுத்தோம்: இனி பாட்டிலைத் துணியால் சுற்ற வேண்டும், முதல் பத்து நிமிடம் பேச்சே கூடாது, எழுத மட்டும்தான்.

இதன் பலன் நவம்பரில் தெரிந்தது. முந்தைய நாளே நிமிர்த்தி வைத்த பாட்டில். கழுத்துக்குக் கீழே டார்ச் வெளிச்சம் பிடித்து, மண்டி எட்டிப் பார்த்ததும் ஊற்றுவதை நிறுத்தினோம். வெள்ளைத் தாள்மேல் கிளாஸைச் சாய்த்தால் நடுவில் கருஞ்சிவப்பு, ஓரத்தில் செங்கல் நிறம். வயதானது என்று அதுவே சொல்லிவிட்டது. முதலில் வாசனை ஒன்றும் பிடிபடவில்லை. அரை மணி கழித்து காசிஸ் (பிளாக்கரன்ட்) பழ வாசனை வந்தது, அப்புறம் தேவதாரு. “பென்சில் சீவுற வாசனைண்ணே” என்று இளைய உறுப்பினர் ஒருவர் எழுதியிருந்தார். இந்த ஆண்டின் மிகச் சரியான குறிப்பு அதுதான். துவர்ப்பு ஈறைப் பிடித்தது, ஆனால் உறுத்தவில்லை. விழுங்கிய பிறகும் சுவை வெகுநேரம் வாயிலேயே நின்றது.

போர்தோ ஒயின் தோட்டங்களை ஐந்து தரமாகப் பிரித்த 1855 பட்டியலில், பலரும் இதை இரண்டாம் தரத்தில் வைத்தார்கள். துணியை எடுத்தால் போயாக் ஊரின் லான்ஷ்-பாஜ் தோட்டத்து ஒயின், 1996 அறுவடை. அந்தப் பட்டியலில் அது ஐந்தாம் தரம்! அன்றைய சந்தை விலையை வைத்துத் தரகர்கள் போட்ட பட்டியல் அது. அதில் பிறகு தரம் உயர்ந்தது மூத்தோன் ரோத்ஷீல்ட் தோட்டம் ஒன்றுதான், 1973-இல். பட்டியலை மதிப்போம், ஆனால் கிளாஸில் இருப்பதைக் கிளாஸிலிருந்துதான் எழுத வேண்டும். 1996 செப்டம்பர் போயாக் இருக்கும் மெதோக் வட்டாரத்தின் வடபகுதியில் கபர்னே சோவிஞ்ஞோன் திராட்சைக்கு நன்றாக வாய்த்தது என்பதை அந்தக் கிளாஸிலேயே பார்த்தோம்.

ஜூலைக் கூட்டத்தில் அறைச் சூட்டிலேயே ஊற்றியது தவறு. ஆல்கஹால்தான் மூக்கில் ஏறியது. இனி 17 டிகிரியைத் தாண்ட வேண்டாம்.

வரும் ஆண்டு ஆற்றின் வலது கரை ஒயின்களுக்குப் போகிறோம்: சாந்தெமிலியோன், பொமெரோல், மெர்லோ திராட்சை. வண்டி ஓட்டி வருபவர்கள் துப்பும் குவளையைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். ஜனவரிக்கு யார் பாட்டில் கொண்டுவருகிறார்கள் என்பதை மட்டும் இன்றே என்னிடம் சொல்லிவிடுங்கள், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம்.

செயலாளர்