பவானிசாகர் மட்டம் தெரியுது, மேல் பவானி மண்ணுல ஈரம் எவ்வளவுங்க? நீர்வளத்துறைக்கும் வனத்துறைக்கும் ஒரு திறந்த மடல்

அதிகாரிங்க எல்லாத்துக்கும் வணக்கமுங்க.

கீழ்பவானி வாய்க்கால் கடைமடையில காடு தோட்டம் வெச்சு வெள்ளாம பண்ற ஆளு நானு. எங்க பக்கம் விடிஞ்சதும் வாட்ஸப்புல வர்ற மொத தகவலே டேம் மட்டம்தான், 105 அடில இன்னைக்கு எத்தன, வரத்து எத்தன கனஅடின்னு டாண்ணு வந்துருது. ஆனா மழ நின்ன பிற்பாடு அந்தத் தண்ணி எந்த மண்ணுல தங்கி எறங்கி வருதோ, அந்த நீலகிரி மலை மேல் பவானி, அவலாஞ்சி, முக்குருத்திப் புல்வெளியில ஈரம் எவ்வளவு நிக்குதுன்னு ஒரு தகவலும் எங்களுக்கு வர்றதில்லீங்க. ஆகஸ்ட் 15ல தெறக்கற நெல்லுத் தண்ணிக்கு மழ கைகுடுக்கும். தை பொறந்து கடலைக்கும் எள்ளுக்கும் விடறப்பத்தான் வயித்துல புளி கரைக்குது, அப்ப வர்ற வரத்து குந்தா மின்வாரிய அணைல விடறது ஒருபக்கம்னா, மலை மண்ணு கசியறது இன்னொருபக்கம்.

2000 மீட்டருக்கு மேல இருக்கற அந்தப் புல்வெளி தூரத்துல ஒரே பச்சையா தெரியும், ஈரம் அப்படி இல்லீங்க. மேட்டு உச்சில மண்ணு ஆழம் கம்மி, அடியில பாறை, காத்து வேற, மழ விட்டதும் சீக்கிரம் காஞ்சுரும். சரிவுல தண்ணி மண்ணுக்குள்ளயே கீழ்முகமா நகந்துகிட்டு இருக்கும். ரெண்டு மேடு சேர்ற பள்ளத்துல கறுப்பு மக்கு மண்ணு, கோடைலயும் கால் புதையும், சில எடத்துல அது 20,000 வருஷத்துக்கு மேல படிஞ்சதாம். மேக்க பாத்த சரிவு தென்மேற்கு மழைய நேரா வாங்குது, தெக்க பாத்தது மார்கழி வெயில்ல மொதல்ல உலருது, பள்ளத்துல பனி உறைஞ்சு புல்லு கருகிக் கெடக்குது. கருகின புல்லு அவ்வளவா தண்ணி குடிக்காது பாருங்க, அதான் சமாச்சாரமே, அந்த மிச்சந்தான் கோடைல ஓடைக்கு வருது. வெளிய இருந்து கொண்டாந்து நட்ட சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் (யூக்கலிப்டஸ்) அப்படி இல்ல, வருஷம் பூரா பச்சை, வருஷம் பூரா உறிஞ்சும், வேரும் ஆழம்.

காங்கேயத்துக்காரங்களுக்கு இத வெளக்கவே வேண்டாம். மாடு மேய்க்கற மானாவாரிக் கொறங்காட்டுல கொழுக்கட்டைப் புல்லு மேட்டுல எப்பக் காயுது, பள்ளத்துல எப்பக் காயுது, வெள்வேல மரத்தடில எப்படித் தாங்குதுன்னு பாத்துத்தான் மாட்ட மாத்தி மாத்தி விடுவாங்க, புல்லு மொளச்ச எடம் சும்மா கெடக்குதுன்னு எங்கூர்ல எவனும் சொல்ல மாட்டான். மலைல மட்டும் வெள்ளக்காரங்க காலத்துல இருந்து அப்படிச் சொல்லியே மரமா நட்டுத் தள்ளீட்டாங்க.

இது நானா அடிச்சு விடறதில்லீங்க. ஊட்டி மண், நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்துக்காரங்க கிளன்மார்கன்ல பக்கத்துப் பக்கத்து ரெண்டு சின்ன நீர்ப்பிடிப்ப எடுத்து, ஒன்ன புல்லாவே விட்டு இன்னொன்னுல 1972ல கற்பூர மரம் நட்டு அளந்தாங்க. நட்ட பக்கம் மொத சுத்துல ஓடைத்தண்ணி 16 சதம் கொறஞ்சுது, வெட்டித் திரும்பத் தளுத்த ரெண்டாவது சுத்துல ஏறத்தாழ கால்வாசி. அதுக்காக சீகைய வெட்டினா நாளைக்கே டேம் ரொம்பீரும்னு நான் சொல்லல. ஒரேயடியா வெட்டுனா வெறும் மண்ணு வெயில்ல காஞ்சு மழைல அரிச்சிட்டுப் போயிரும், மண்ணுக்குள்ள கெடக்கற சீகை வெத வருஷக்கணக்கா உசுரோட இருந்து கும்பலா மொளைக்கும், சீகை நெழல்ல அந்த மலைக்கே சொந்தமான சோலைக்காட்டு மரக் கன்னு வந்திருந்தா அத விட்டுறதுதான் நல்லது. அயல் மரங்கள எடுக்க 2022ல அரசாங்கமே கொள்கை போட்டாச்சு, சந்தோசம், ஆனா எடுத்த எடத்துல ஈரம் திரும்ப வருதா இல்லையான்னு அளக்காம எப்படிங்க தெரியும்?

சாட்டிலைட்டுல பாத்துக்கலாம்னு சொல்லீறாதீங்க. மண் ஈரம் பாக்கற நாசாவோட ஸ்மாப் சாட்டிலைட்டு 2015ல இருந்து பாக்குது, ஆனா மேல் 5 சென்டிமீட்டர் மண்ணத்தான் பாக்குது, அதோட ஒரு கட்டமே கிட்டத்தட்ட 36 கிலோமீட்டர், உச்சியும் பள்ளமும் தேயிலைத் தோட்டமும் சேந்து ஒரே நம்பரா வரும்.

மேட்டுல ஒன்னு, சரிவுல ஒன்னு, சேத்துப் பள்ளத்துல ஒன்னு, சீகை நிக்கற எடத்துல ஒன்னு, எடுத்த எடத்துல ஒன்னு, ஒவ்வொன்னுலயும் மேலாக்க ஒரு சென்சாரு, ஆழத்துல ஒரு சென்சாரு வெச்சு, டேம் மட்டத்தோட சேத்து அதையும் போடுங்க. புல்லு வனத்துறைது, தண்ணி நீர்வளத்துறைது, அப்ப ஈரம் யாரோடதுன்னு ஃபைலு அங்கயும் இங்கயும் சுத்துனா ஆகாது, ரெண்டு பேரும் உக்காந்து ஒரு ஆளப் பொறுப்பாக்குங்க. ரோட்டோரம் கெஸ்ட் அவுஸ் வாசல்ல ஒன்ன நட்டுட்டு மலைல ஈரம் இவ்வளவுன்னு மட்டும் எழுதீறாதீங்க சாமி.

இப்படிக்கு,
கீழ்பவானி கடைமடை விவசாயி ஒருத்தன்