முப்பது நாள் கணக்கு போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் வெளியேறும் வாயிலான பெருந்தமனி வால்வை மாற்ற முதியோருக்குச் செய்யப்படும் அறுவைச் சிகிச்சை குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, சிகிச்சையின் வெற்றியை முதல் 30 நாள்களைத் தாண்டியவர்களின் விகிதத்தைக் கொண்டே அளந்திருந்தது. இதய அறுவை முடிந்தவர்களை எழுந்து நடக்கப் பழக்கும் இயன்முறை மருத்துவப் பணியில் இருந்தவன் என்ற முறையில், எண்பதை ஒட்டிய வயதினருக்கு அந்தக் கணக்கு போதாது என்று கருதுகிறேன்.

வயதாகிவிட்டது, இனி எதற்கு அறுவை என்று ஒதுக்கிவிடுவதும் தவறே. கால்சியம் படிந்து வெகுவாகச் சுருங்கிவிட்ட வால்வை எந்த மாத்திரையாலும் விரிக்க முடியாது. 2010-இல் வெளியான ‘பார்ட்னர்’ ஆய்வில், மார்பைத் திறக்க இயலாத நிலையில் இருந்த, சராசரியாக 83 வயதுடைய நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் ஓராண்டுக்குள் இறந்தனர். தொடை இரத்தக்குழாய் வழியே புதிய வால்வு பொருத்தப்பட்டவர்களில், அதாவது ‘டாவி’ செய்துகொண்டவர்களில், இறந்தவர்கள் சுமார் 31 விழுக்காடு. இவ்வளவு பெரிய வேறுபாடு மருத்துவ ஆய்வுகளில் அடிக்கடி காணக் கிடைப்பதில்லை. ஆயினும் அந்த 31-ஐயும் பார்க்கத்தான் வேண்டும். நுரையீரலும் சிறுநீரகமும் ஏற்கெனவே நலிந்து, உடலும் தளர்ந்துபோனவர்களுக்கு வால்வு ஒன்றைச் சரிசெய்வதால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுவதில்லை.

இந்தத் தளர்ச்சியை அளக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. நோயாளி தம் வழக்கமான வேகத்தில் ஐந்து மீட்டர் நடந்தால் போதும். 70 வயதைக் கடந்த இதய அறுவை நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வில், அத்தூரத்துக்கு 6 விநாடியோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டவர்களுக்கு இறப்பு அல்லது பெரும் சிக்கல் நேரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது.

இதன் காரணத்தை நாற்காலியில் அமர்ந்திருக்கும் நோயாளியிடமே காணலாம். திறந்த அறுவையில் மார்பெலும்பைப் பிளந்து கம்பியால் கட்டியிருப்பதால், அது கூடும் வரை ஆறு முதல் எட்டு வாரங்களுக்குக் கையை ஊன்றி உடல் எடையைத் தூக்கக் கூடாது என்பது வழக்கமான அறிவுரை. அறுவைக்கு முன்பே கையூன்றித்தான் எழுந்துகொண்டிருந்த முதியவர், அந்தக் கையும் இல்லாமல் எப்படி எழுவார்? யாரேனும் தூக்கிவிடும் வரை உட்கார்ந்தே இருப்பார். இருக்க இருக்கத் தொடைத்தசை மேலும் வற்றும். இதயம் நன்றாக இயங்குகிறது என்று எக்கோ அறிக்கை சொல்லும், ஆனால் கழிவறைக்குச் செல்லத் துணை வேண்டியிருக்கும். போதாக்குறைக்கு, தீவிர சிகிச்சைப் பிரிவில் சிலருக்கு ஏற்படும் மனக்குழப்பத்தைக் கண்டு, புத்தியே பேதலித்துவிட்டதோ என்று குடும்பத்தார் கலங்கிப்போகிறார்கள். பெரும்பாலும் அது தெளிந்துவிடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவைக்க ஏனோ பலருக்குத் தோன்றுவதில்லை.

80-ஐத் தாண்டியவர்களுக்குப் பொதுவாக டாவியையும், 65-க்குக் குறைந்தவர்களுக்குத் திறந்த அறுவையையும், இடைப்பட்டவர்களுக்கு நோயாளியுடன் கலந்து முடிவெடுப்பதையும் 2020-ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டு நெறிமுறைகள் பரிந்துரைக்கின்றன. டாவியில் மார்பெலும்புக்குச் சேதமில்லை. ஆனால் அதன் பிறகு பேஸ்மேக்கர் தேவைப்படுவோர் அதிகம், காலின் இரத்தக்குழாய் மிகக் குறுகியிருந்தால் அவ்வழியே செய்யவும் முடியாது.

ஆகவே, அடுத்த முறை இது குறித்து எழுதும்போது, ஓராண்டு கழித்துத் தாமே குளித்து, தாமே நடமாடித் தம் வீட்டில் வாழ்பவர்கள் எத்தனை பேர் என்பதையும் மருத்துவர்களிடம் கேட்டு வெளியிடுமாறு வேண்டுகிறேன். அறுவைக்கு நாள் குறிக்கும் முன் நோயாளியை நடக்கவைத்துப் பார்த்தார்களா, சில வாரம் அவகாசம் இருந்தால் கால்களுக்கு வலுவூட்டும் பயிற்சி தந்தார்களா என்பதையும் சேர்த்துக் கேட்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயன்முறை மருத்துவர் ஒருவர்