மலையில் தொடங்கிக் கடலில் முடி

யோகோஹாமா
அக்டோபர் 20

அன்புள்ள மீனாட்சி,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பெயர் வைத்தாயிற்று, மாடி வீட்டுக்கும் ஆள் வந்தாயிற்று என்று படித்ததும் நிம்மதி. நவம்பர் கடைசியில் தோக்கியோ நிஷிகசாயில் மகள் வீட்டுக்கு வருகிறாய், அதில் ஒரு நாள் முழுக்க உனக்கே உனக்கு. கோயிலும் வேண்டும், கடலும் வேண்டும், கூட யாரும் வேண்டாம். சரி, கமகுரா என்ற கடலோரக் கோயில் ஊருக்குப் போ. ஒருத்தியாகப் போகலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போகலாம். அங்கே தனியாக நடக்கும் பெண்களை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நீ பயப்பட வேண்டியது மனிதர்களுக்கு அல்ல, பருந்துக்கு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் நாளைத் தேர்ந்தெடு. சனி, ஞாயிறு வேண்டாம். நவம்பர் 23 அரசு விடுமுறை, அன்றும் வேண்டாம். மேப்பிள் இலை சிவக்கும் பருவம் கமகுராவில் தோக்கியோவைவிடச் சற்றுப் பிந்தும். நவம்பர் கடைசி, டிசம்பர் முதல் வாரம். அதற்காகவே கூட்டம் வரும். வேலைநாளில், மழை பெய்து மறுநாள் வெளுத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கிளம்பு. அன்றுதான் காற்று துடைத்துவிட்டாற்போல் இருக்கும், புஜி மலை தெரியும்.

ஊரின் அமைப்பைப் புரிந்துகொண்டால் வழி தானாக வந்துவிடும். மூன்று பக்கமும் மலை, தெற்கே கடல். 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் மினமோதோ யோரிதோமோ இங்கே ராணுவ அரசை நிறுவியதற்கு அந்த அரண் ஒரு காரணம். பெரிய ஸென் பௌத்த மடங்கள் வடக்கு மலையடியில் இருக்கின்றன. அவை நாலு, நாலரைக்கெல்லாம் அடைத்துவிடும். கடலுக்குக் கதவு கிடையாது. அதனால் காலையில் மலை, சாயங்காலம் கடல். பலர் கமகுரா நிலையத்தில் இறங்கி, கடைத்தெருவில் பொழுதைப் போக்கி, பெரிய புத்தரைப் பார்த்துவிட்டு மூன்று மணிக்கு மடங்களைத் தேடுவார்கள். போய்ச் சேரும்போது உள்ளே விடமாட்டார்கள்.

ஆகவே கமகுராவுக்கு ஒரு நிலையம் முன்னாலேயே, கிதா-கமகுராவில் இறங்கு. நிஷிகசாயிலிருந்து தோசாய் மெட்ரோவில் ஓதேமாச்சி, அங்கிருந்து நடந்தே தோக்கியோ நிலையம். யோகோசுகா லைன் மேடை பூமிக்கடியில் ஐந்து தளம் கீழே. படிக்கட்டும் எஸ்கலேட்டருமாகப் பத்து நிமிடம் ஒதுக்கு. மேலே நிற்கும் தோகைதோ லைன் வண்டியும் அந்தப் பக்கம்தான் போகிறது என்று ஏறிவிடாதே. அது கமகுராவைத் தொடாது. ஏறிவிட்டால் பதறாதே, ஓஃபுனாவில் இறங்கி மாறிக்கொள். 'குரிஹாமா', 'சுஷி' என்று முகப்பில் போட்டிருந்தால் சரியான வண்டி. ஏறக்குறைய ஒரு மணி நேரம், ஆயிரம் யென்னை ஒட்டிச் செலவு. சுய்கா என்ற ரயில் கட்டண அட்டையில் 3000 யென்னுக்கு மேலேயே போட்டுக்கொள். அன்றைய ரயில் எல்லாவற்றுக்கும் போதும். கோயில்களில் மட்டும் சில்லறை வேண்டும். நுழைவுக் கட்டணம் ஒவ்வோரிடத்திலும் 300 முதல் 500 யென். பத்தாயிரம் யென் நோட்டை நீட்டினால் சங்கடப்படுவார்கள்.

எட்டரைக்கு எங்ககுஜி வாசலில் நில். நிலையத்திலிருந்து இரண்டு நிமிடம்கூட இல்லை. இல்லாமல் என்ன, ரயில் பாதையே கோயில் நிலத்தைக் கீறிக்கொண்டு போகிறது. 1889இல் போட்ட பாதை. கோயிலின் முன்குளம் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், படிகள் அந்தப் பக்கம். 1282இல் அன்றைய ஆட்சியாளன் ஹோஜோ தொகிமுனே கட்டியது. மங்கோலியர் படையெடுத்து வந்து திரும்பிய பிறகு, செத்துப்போன இருதரப்பு வீரருக்காகவும் கட்டினான். எதிரிக்கும் சேர்த்து. உள்ளே 1301இல் வார்த்த பெரிய மணி ஒன்று உண்டு, அதற்குச் செங்குத்தாக நூற்று நாற்பது படி ஏற வேண்டும். உன் முழங்காலுக்கு அது வேண்டாம். அந்தச் சக்தியைச் சேர்த்து வை.

அடுத்தது கென்ச்சோஜி. ரயில் பாதையை ஒட்டி வந்து பெருஞ்சாலையில் இருபது நிமிடம் நடை. நடைபாதை ஒடுக்கம், பேருந்து தோளை உரசுகிறாற்போல் போகும். ஒற்றை வரிசையில் நட. 1253இல் தொடங்கிய மடம். முதல் மடாதிபதி சீனத்திலிருந்து வந்த லான்சி தாவ்லோங், இவர்கள் வாயில் ரான்கெய் தோர்யூ. புத்த மண்டபத்துக்கு முன்னால் முறுக்கேறி நிற்கும் பழைய ஜூனிபர் மரங்கள் அவர் கொண்டுவந்த விதையில் முளைத்தவை என்பது மடத்தின் வழக்கு. மண்டபத்தில் புத்தர் இருப்பார் என்று எதிர்பார்ப்பாய். இருப்பவர் ஜிசோ, நம் சமஸ்கிருதத்து க்ஷிதிகர்ப்பர். நரகத்தில் விழுந்தவர்களையும் கைவிடாத போதிசத்துவர். ஸென் மடத்தில் இது அபூர்வம். மடம் வருமுன் அந்தப் பள்ளத்தாக்கு கொலைக்களமாக இருந்தது, அதனால்தான் அவர். பின்கட்டுக்கு, செருப்பைக் கழற்றிவிட்டுப் போகலாம். நவம்பரில் பலகைத் தரை ஐஸ்போல இருக்கும். கனமான காலுறை போடு, ஓட்டையில்லாததாகப் பார்த்துப் போடு.

அங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் ட்சுருகஓகா ஹச்சிமன்கூ. இது பௌத்தக் கோயில் அல்ல, ஜப்பானியரின் சொந்த மதமான ஷின்தோவின் கோயில். வேறுபாடு கையில்தான் இருக்கிறது. பௌத்தக் கோயிலில் நம்மைப்போலக் கைகூப்பினால் போதும், தட்டக் கூடாது. ஷின்தோவில் இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, கும்பிட்டு, கடைசியாக ஒருமுறை குனிய வேண்டும். அதற்கு முன் தண்ணீர்த் தொட்டி. அகப்பையில் ஒரே ஒருதரம் மொண்டு, அதற்குள் எல்லாம் முடிக்க வேண்டும்: இடக்கை, வலக்கை, பிறகு இடக்கை குழியில் விட்டு வாய், மறுபடி இடக்கை, மிச்சத் தண்ணீர் கைப்பிடி வழியே வழிய அகப்பையை நிமிர்த்தி வைத்துவிடு. அகப்பையில் வாய் வைக்காதே. நம் ஊர்ச் செம்பை எச்சில் படாமல் தூக்கிக் குடித்த பழக்கம் உனக்குக் கைகொடுக்கும். உண்டியலுக்கு ஐந்து யென் நாணயம், நடுவில் ஓட்டை போட்டது. ஐந்து யென்னும் 'உறவு' என்ற சொல்லும் இவர்கள் மொழியில் ஒரே ஒலி, 'கோஎன்'.

அறுபத்தொரு படி ஏறினால் சன்னதி. 1219 பிப்ரவரிப் பனியில், ராணுவ அரசின் மூன்றாம் தலைவனான ஷோகன் சனெதோமோவை அவன் அண்ணன் மகனே வெட்டிச் சாய்த்தது இந்தப் படியருகில். பக்கத்தில் நின்ற கிழட்டு கிங்கோ மரம் 2010 மார்ச்சில் காற்றில் வேரோடு சாய்ந்தது; அடியிலிருந்து துளிர்த்த கொப்புகளை வளர்க்கிறார்கள். இறங்கி வந்து குளத்தில் இருக்கும் தீவைத் தவறவிடாதே. அங்கே பென்சாய்தென், அதாவது நம் சரஸ்வதி. பௌத்தத்தோடு சீன வழியாக வந்தவள். வீணைக்குப் பதில் பிவா வாத்தியம் ஏந்தியிருப்பாள். ஆற்றுத் தேவதை என்பதை இவர்கள் மறக்கவில்லை. குளம், தீவு, குகை என்று நீர் இருக்கும் இடமாகப் பார்த்துத்தான் அவளை வைப்பார்கள்.

சாப்பாடு. மீன்கூடத் தொடாத உனக்கு ஜப்பானில் பெரிய கண்ணி 'தாஷி'. நம் மாசிக் கருவாட்டுக்குச் சகோதரமான ஒன்றைச் சீவிக் கொதிக்கவைத்த சாறு. காய்கறி சூப்பென்று தட்டில் வருவதிலும் அது இருக்கும். கென்ச்சோஜியில் பிறந்ததாகச் சொல்லும் 'கென்ச்சின்-ஜிரு', முள்ளங்கி, கேரட், சேம்பு, டோஃபு போட்ட சைவக் குழம்புதான். மடத்து முறையில் கடற்பாசி, காளான் சாறு. வெளிக்கடைகளில் மாசிச் சாறு கலப்பதுண்டு. 'கட்சுவோ தாஷி?' என்று கேட்டு, தலையாட்டினால் விலகிவிடு. என் யோசனை, மகள் வீட்டிலிருந்து புளியோதரை கட்டிக்கொண்டு போ.

சாப்பிட உட்காரும்போதுதான் பருந்து. கடற்கரையிலும் கடைத்தெருவிலும் வட்டமிடும். முன்னால் வராது; முதுகுப்புறமாகச் சத்தமில்லாமல் சரிந்து வந்து, கை வாய்க்குப் போகும் அந்த நொடியில் அள்ளிக்கொண்டு போகும். நகம் கையைக் கிழித்துவிடும். கூரைக்கடியில், சுவரில் முதுகைச் சாய்த்துச் சாப்பிடு. மணலில் பொட்டலத்தைப் பிரிக்காதே. குப்பைத்தொட்டி தேடி அலையாதே, கிடைக்காது. பையில் ஒரு காலிக் கவர் வைத்துக்கொள்.

ஒரு மணிக்குள் கமகுரா நிலையம். மேற்கு வாசல் பக்கம் எனோதென் என்ற சின்ன உள்ளூர் ரயில். 10 கிலோமீட்டர், 15 நிலையம், பெரும்பாலும் ஒற்றைப் பாதை. எதிர்வண்டி வந்து ஒதுங்கினால்தான் இது நகரும். அதனால் ஒரு வண்டி தாமதமானால் பின்னால் வருகிற எல்லாம் தாமதம். இடப்பக்க ஜன்னல் கடலுக்கு. நாள் சீட்டு 800 யென். ஒற்றைப் பயணம் 200 யென்னில் தொடங்குவதால் உன் வழிக்கு அது நஷ்டம்தான், சுய்காவையே தட்டு. சின்ன நிலையங்களில் கதவு இருக்காது, கம்பத்தில் ஒரு கருவி மட்டும் நிற்கும். தட்டாமல் வெளியே வந்தால் அடுத்த இடத்தில் அட்டை மறுக்கும், ஊழியரிடம் விளக்க வேண்டிவரும்.

மூன்றாவது நிலையம் ஹசே. முதலில் ஹசெதெரா. உள்ளே 9 மீட்டருக்கு மேல் உயரமான மரச் சிலை, பதினொரு முகக் கன்னோன். படம் எடுக்கக் கூடாது. கன்னோன் யார் தெரியுமா? அவலோகிதர். அகத்தியர் தமிழ் கேட்டது அவலோகிதனிடம் என்று வீரசோழிய இலக்கண நூல் சொல்கிறதே, அவரேதான். அந்தத் தங்க முகத்தைக் கீழிருந்து அண்ணாந்து பார்க்கும்போது இது நினைவில் இருக்கட்டும். வெளியே திண்ணையிலிருந்து யுயிகஹாமா கடல் விரியும். கீழே பென்தென் குகை. மறுபடியும் சரஸ்வதி, பதினாறு பிள்ளைகளோடு பாறையில் செதுக்கியது. தலை குனிந்து போ, கூரை தாழ்வு.

அங்கிருந்து பத்து நிமிடத்தில் பெரிய புத்தர். 1252இல் தொடங்கிய வெண்கல அமிதாப புத்தர், 11.3 மீட்டர், 121 டன். மண்டபத்தை 14ஆம் நூற்றாண்டுப் புயல்கள் வீழ்த்தின. ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக வெயிலிலும் மழையிலும்தான் இருக்கிறார். தள்ளி நின்று பார்த்தால் தலை பெரிது, கூனல் என்று தோன்றும். ஐந்தாறு மீட்டர் தள்ளி நேர் முன்னே வந்து நின்று நிமிர்ந்து பார். எல்லாம் அளவுக்கு வந்துவிடும். கும்பிடுகிறவன் நிற்கும் இடத்துக்குக் கணக்குப் போட்டு வார்த்திருக்கிறார்கள். கூட ஐம்பது யென் கொடுத்தால் வயிற்றுக்குள்ளும் போகலாம், கட்டாயம் போ. உட்சுவரில் சதுரம் சதுரமாகத் தழும்பு ஓடும். ஒரே மூச்சில் ஊற்றியதல்ல; கீழிருந்து மேலாக அடுக்கடுக்காக வார்த்து, ஒன்றில் ஒன்று கவ்வப் பூட்டியது. கழுத்தில் வேறு நிறமாகத் தெரிவது 1960களின் தொடக்கத்தில் பிளாஸ்டிக் இழை வைத்து வலுப்படுத்திய இடம். வெளியே அருளாக இருப்பவர் உள்ளே கொல்லன் பட்டறையாக இருப்பார். எனக்கு அந்த உள்பக்கம்தான் கூடுதல் பக்தி தருகிறது.

வளாகத்தில் ஒரு கல் இருக்கிறது, ஜெயவர்த்தனாவுக்கு. 1951 சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில் இலங்கைப் பிரதிநிதியாக நின்று, ஜப்பானிடம் இழப்பீடு வேண்டாம் என்றார். வெறுப்பை வெறுப்பு தணிக்காது, அன்பே தணிக்கும் என்ற தம்மபத வாக்கைச் சொன்னார். அந்த நன்றிக்காக வைத்த கல். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தபோது ஜனாதிபதியாக இருந்தவரும் அவரே. ஜப்பானியர் அந்த வாசகத்தைப் படித்துத் தலைவணங்கிப் போவார்கள். உனக்கு எப்படி இருக்கும் என்று நீதான் எழுத வேண்டும்.

எல்லோரும் அடுத்து எனோஷிமா தீவுக்கு ஓடுவார்கள். நீ போகாதே. அங்கே பாலமே நானூறு மீட்டர், பிறகு முழுக்கப் படிக்கட்டு. அந்த வாரத்தில் சூரியன் நாலரைக்கு விழுந்துவிடும். தீவுக்குத் தனி நாள் வேண்டும். ஹசேயிலிருந்து இரண்டே நிலையம் தள்ளி இனமுரகசாகி. மூன்றே முக்காலுக்கு இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் கடல்முனைப் பூங்கா. 1333இல் கமகுராவைத் தாக்க வந்த படைத்தலைவன் நித்தா யோஷிசதா தன் வாளைக் கடலில் எறிந்து வேண்ட, நீர் வடிந்து படைக்கு வழிவிட்டதாம், கமகுரா அரசு வீழ்ந்ததாம். கதை நடந்த இடம் இது. மணல் கறுப்பாக இருக்கும், இரும்புத்தூள். எதிரே எனோஷிமா, அதன் வலப்புறம் புஜி. சூரியன் புஜி மேல் விழும் என்று காத்திருக்காதே, நவம்பரில் அது வெகுவாக இடப்பக்கம் தள்ளி இறங்கும். சூரியன் போனதும் ஜனம் கலையும். நீ இன்னும் இருபது நிமிடம் இரு. வெளிச்சம் போகப் போகத்தான் புஜி கோட்டோவியம்போல எழுந்து வரும். கழுத்துக்கு ஒரு துண்டு வேண்டும், காற்று குத்தும்.

கடற்கரையோரம் கம்பங்களில் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பதைப் பார். நிலம் ஆடினால் சாமானை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறு. 2004ஐப் பார்த்த நமக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

திரும்பும்போது கமகுராவுக்கு வராதே. அதே எனோதெனில் முன்னோக்கியே ஃபுஜிசாவா வரை போ. இருட்டும் கடலை ஒட்டி ஓடி, கோஷிகோயே தாண்டியதும் வண்டி தெருவில் இறங்கி, கார்களோடு கார்களாக, வீட்டு வாசல்களை உரசிக்கொண்டு போகும். ஃபுஜிசாவாவில் ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) நிலையத்துக்கு நடந்து மாறினால், காலையில் ஏறாதே என்றேனே, அந்தத் தோகைதோ லைன் இப்போது சரியான வண்டி. ஐம்பது நிமிடத்தில் தோக்கியோ. ஏழு மணிக்குள் மகள் வீட்டில் இருப்பாய்.

எந்த நாள் என்று முடிவானதும் ஒரு வரி போடு. வரும்போது படித்து முடித்த தீபாவளி மலர் ஏதாவது இருந்தால் பெட்டியில் ஓரமாக வை.

உன்
வசந்தி