மேடையின் கிரேனும் கப்பல் கணக்கில் சேரட்டும்

ஆசிரியருக்கு,

கடல்நடுவே உள்ள எண்ணெய் மேடைகளுக்குச் சரக்கு கொண்டு செல்லும் கப்பல்களின் வாடகைச் செலவு குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கப்பல்களின் எண்ணிக்கையையும் நாள் வாடகையையும் விரிவாக எடுத்துரைத்த கட்டுரை, அவை மேடையருகே காத்துக் கிடக்கும் நேரத்தை ஒரே வரியில் கடந்துவிட்டது. மும்பைக்கு மேற்கே அரபிக்கடலில் உள்ள மும்பை ஹை எண்ணெய் வயலில் சப்ளை கப்பலில் சில ஆண்டுகள் பணியாற்றிய எனக்கு, வீண்செலவும் ஆபத்தும் அந்த ஒரு வரிக்குள்தான் இருப்பதாகத் தோன்றுகிறது.

கரையிலிருந்து சுமார் 160 கி.மீ. தொலைவிலுள்ள அவ்வயலுக்கு 12 நாட் (மணிக்கு 12 கடல்மைல்) வேகத்தில் ஏழேகால் மணி நேரத்தில் போய்ச் சேரலாம். ஆனால், மேடையைச் சுற்றியுள்ள 500 மீட்டர் வட்டத்துக்குள் நுழைய மேடையின் அனுமதி வேண்டும். சரக்கைத் தூக்க மேடையின் கிரேன் ஓட வேண்டும். ஒரு ஜூலை மாதம், மேடையின் காற்று மறைவுப் பக்கக் (காற்று நேரே அடிக்காத பக்கம்) கிரேன் பழுதாகி நாங்கள் இரண்டு நாள் வட்டத்துக்கு வெளியே ஆடிக்கொண்டிருந்தோம். கரை அலுவலகத்திலிருந்து சரக்கு ஏன் இன்னும் இறங்கவில்லை என்று நாலு மணி நேரத்துக்கொரு முறை கேள்வி வந்தது. காற்றடிக்கும் பக்கம் மேடையை நெருங்கினால், எஞ்சின் சற்றுத் தடுமாறினாலும் காற்றும் அலையும் கப்பலை மேடைமீதே தள்ளிவிடும் என்பதால் எங்கள் கேப்டன் அந்தப் பக்கம் போக மறுத்துவிட்டார். சரக்கில் இருந்த தக்காளி முழுவதும் அழுகியது. மேடையில் இருந்தவர்கள் அந்த இரண்டு நாளும் பருப்பிலேயே காலம் தள்ளினார்களாம். தாமதமோ எங்கள் கப்பலின் பெயரில்தான் பதிவாகியது.

27.7.2005 அன்று மும்பை ஹை வடக்கு மேடையில் நடந்ததை இங்கே நினைவூட்ட வேண்டியிருக்கிறது. விரலில் காயம்பட்ட சமையல்காரர் ஒருவரை மேடைக்கு ஏற்றுவதற்காக, ‘சமுத்ர சுரக்ஷா’ கப்பல், மறைவுப் பக்கக் கிரேன் இயங்காத நிலையில் காற்றடிக்கும் பக்கம் மேடையை நெருங்கியது. அவரைக் கிரேன் கூடையில் மேடைக்கு ஏற்றிய பின், கப்பல் கட்டுப்பாடிழந்து மேடையின் எரிவாயுக் குழாயில் மோதியதில், இரண்டு மணி நேரத்தில் மேடையே தீக்கிரையாகி 22 பேர் உயிரிழந்தனர்.

எனவே, எந்த மேடையில் எந்தப் பக்கக் கிரேன் ஓடுகிறது என்ற விவரம், கப்பலில் சரக்கு ஏற்றும் முன்பே கரைத் தளத்தின் அட்டவணைக்கு வந்தாக வேண்டும். கிரேன் இல்லாத மேடையின் சரக்கை அந்தப் பயணத்தில் ஏற்றாமல் நிறுத்திவைக்கலாம். எப்படியும் காத்திருக்கத்தான் வேண்டுமென்றால், 9 நாட் வேகத்தில் ஒன்பதரை மணி நேரம் எடுத்துக்கொண்டு போனால் டீசலாவது கணிசமாக மிஞ்சும். கிரேனுக்காகக் காத்த நேரத்தின் வாடகையை மேடையின் பராமரிப்புக் கணக்கில் எழுதுவதே முறை. அப்படி எழுதத் தொடங்கினால், கிரேனின் உதிரிபாகங்கள் ஜூன் மாத மழைக்காற்றுக்கு முன்பே மேடைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் அதிகாரி,
தூத்துக்குடி.