முதற்பலன் பட்டியலை இறக்கிவிடுங்கள், ஐயா

மதிப்பிற்குரிய சேகரக் குருவானவர் ஐயா அவர்களுக்கும் சேகரக் கமிட்டியாருக்கும்,

கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள். அறுப்பின் பண்டிகை ஆராதனையில் நடந்ததைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. எல்லாரும் அங்கேதான் இருந்தோம். முதல் மாதச் சம்பளத்தை, கர்த்தருக்கு முதலில் படைக்கும் காணிக்கையான முதற்பலனாகச் செலுத்தாதவர்கள் என்று மைக்கில் வாசித்த பெயர்கள் இப்போது தகவல் பலகையிலும் ஏறிவிட்டன. அந்தப் பட்டியலை இறக்கிவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அதில் மூன்றாவது பெயருக்கு உரிய பெண்ணை உங்களுக்கு நன்றாகவே தெரியும். பாடகர் குழுவில் பாடியவள். அப்பா இல்லை, அம்மா பீடி சுற்றுகிறார். நர்சிங் கடைசி வருஷ ஃபீஸுக்காக அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது. அதன்பிறகு காதுத் துளை தூர்ந்துபோகாமல் இருக்க வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டுதான் அந்த அம்மா கோயிலுக்கு வந்துகொண்டிருந்தார். சென்னையில் வேலை கிடைத்து முதல் சம்பளம் கைக்கு வந்ததும், ஹாஸ்டலுக்குக் கட்டியது போக மீதியை ஊருக்கு அனுப்பிக் கம்மலை மீட்க வைத்தாள். அவள் செய்த குற்றம் இதுதான். இப்போது கல்யாணம் பேசி முடித்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டுச் சபையில் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கிறார்கள். அதை வாங்கப் போன அம்மாவிடம் நம் அலுவலகத்தில் சொன்ன பதில்: "முதற்பலன் பாக்கிய முடிச்சிட்டு வாங்க."

முதற்பலனில் பாக்கி! வட்டிக்கடையில் கேட்க வேண்டிய வார்த்தை, ஐயா.

பிரசங்கத்தில் 'அபார்க்கே' என்ற கிரேக்கச் சொல்லைக் காட்டி, முதல் வருமானம் முழுவதும் என்று பொருள் சொன்னீர்கள். நீங்கள் கிரேக்கத்தை எடுத்ததால்தான் நானும் எடுக்கிறேன். மொத்தத்திலிருந்து முதலில் பிரித்தெடுத்து வைக்கும் பங்குக்குத்தான் அந்தப் பெயர். லேவியராகமம் 23இல் ஆசாரியனிடம் கொண்டுவரச் சொன்னது அறுப்பின் முதல் கதிர்க்கட்டு ஒன்றை. வயல் முழுவதையும் அல்ல. முதற்பலனுக்கு இவ்வளவு என்று அளவே கிடையாது என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவும் சொல்கிறது.

புதிய ஏற்பாட்டில் 'அபார்க்கே' என்ற சொல் வரும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ரோமர் 11இல் ஒரே ஒருமுறை பிசைந்த மாவைப் பற்றி வருகிறது. மற்ற இடங்களிலெல்லாம் மரித்தோரிலிருந்து எழுந்த கிறிஸ்து, ஆவியானவர், விசுவாசத்துக்கு முதலில் வந்த எப்பனெத்து, இப்படித்தான். பணம் எங்குமே இல்லை. முக்கியமாக 1 கொரிந்தியர் 16ஐப் பாருங்கள். அந்த அதிகாரத்தைத் தொடங்கும்போதே பவுல் எருசலேம் ஏழைகளுக்காகப் பணம் சேர்க்கச் சொல்கிறார். அங்கே அவர் எழுதியது 'லோகியா'. நம் வேதாகமத்தில் 'தர்மப்பணம்'. 'அபார்க்கே' அதே அதிகாரத்தில் 15ஆம் வசனத்தில்தான் வருகிறது. அங்கே ஸ்தேவான் வீட்டார் கிரேக்க நாட்டு அகாயாவின் முதற்பலன். பரிசுத்தவான்களுக்கு ஊழியம் செய்யத் தங்களையே ஒப்புக்கொடுத்தவர்கள். இரண்டு சொல்லும் கைவசம் இருந்தும் பணத்துக்கு அவர் 'அபார்க்கே'யை எடுக்கவில்லை.

பின்னால் வந்த, ஆதிச் சபையின் ஒழுங்கு நூலான திதாக்கே பணத்திலும் முதற்பலன் எடுக்கச் சொல்கிறதே என்று கேட்பீர்கள். சரி, 13ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆனால் எவ்வளவு என்பதைக் கொடுக்கிறவனுக்கே விட்டுவிடுகிறது. முதற்பலனைத் தீர்க்கதரிசிகளுக்குக் கொடுங்கள், தீர்க்கதரிசி இல்லாவிட்டால் ஏழைகளுக்குக் கொடுங்கள் என்றும் சொல்கிறது. நம் சேகரத்தில் தீர்க்கதரிசி இருப்பதாக நான் கேள்விப்படவில்லை. ஏழைகள் இருக்கிறார்கள். பெயரெல்லாம் பலகையிலேயே இருக்கிறது.

கதிர்க்கட்டைக் கேட்ட அதே லேவியராகமம் 23, வயலின் ஓரத்தைத் தீர அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்று 22ஆம் வசனத்தில் சொல்கிறது. அதைப் பற்றி ஒரு பிரசங்கம் கேட்க எனக்கும் ஆசைதான். ஆனால் நமக்கு நேரம் ஏது? பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஆயிரக்கணக்கில் எடுத்தவருக்குச் சால்வை போட வேண்டும், புதிய ஆர்ச் கேட்டுக்குக் கல்வெட்டில் யார் பெயர் மேலே வருவது என்று முடிவு செய்ய வேண்டும், எலெக்‌ஷன் வழக்குக்கு வக்கீலைப் பார்க்க வேண்டும். அந்த வக்கீல் ஃபீஸ் எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்று கேட்டால் மட்டும் ஒருவருக்கும் காது கேட்பதில்லை. அதற்கொரு பாக்கிப் பட்டியல் போட்டால் பலகை போதாது.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். காணிக்கையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சபை ஊழியருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், கரண்ட் பில் கட்ட வேண்டும், எல்லாம் தெரியும். சேகரத்துக்கு இவ்வளவு தேவை என்று கணக்கை முன்னால் வைத்துக் கேளுங்கள், முடிந்தவர்கள் கொடுப்பார்கள். கட்டாயமாயுமல்ல, மனதில் நியமித்தபடியே என்று 2 கொரிந்தியர் 9இல் பவுல் எழுதியதும் காணிக்கையைப் பற்றித்தானே.

ஆகவே தாழ்மையாகக் கேட்டுக்கொள்கிறேன். வரும் ஞாயிறு ஆராதனைக்கு முன்பாகப் பட்டியலை இறக்கிவிடுங்கள். இனி யார் பெயரையும் அப்படி மைக்கில் வாசிக்க வேண்டாம். அந்தப் பெண்ணின் ஞானஸ்நானச் சான்றிதழை, அந்த அம்மாவைத் திரும்ப அலுவலகத்துக்கு அலையவிடாமல், சபை ஊழியர் கையில் வீட்டுக்கே கொடுத்தனுப்புங்கள். கல்யாணத்துக்கு நாள் நெருங்குகிறது.

இப்படிக்கு,
தங்கள் சேகரத்துச் சபையார் ஒருவர்