அறுத்தெடுத்த கட்டி குப்பைக்குப் போகலாமா?

ஐயா,

மட்டக்களப்பு மாவட்டக் கால்நடை வைத்திய சேவைகள் பற்றிக் கடந்த வாரம் தங்கள் பத்திரிகையில் வெளியான செய்தியில் தடுப்பூசியும் சினைப்படுத்தலும் விரிவாகப் பேசப்பட்டன. கட்டிகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சென்ற ஆண்டு எங்கள் வீட்டு நாயின் மடியிலிருந்து நெல்லிக்காய் அளவுக் கட்டியொன்று அகற்றப்பட்டது. அறுத்தெடுத்த தசை இரத்தப் பஞ்சோடு சேர்ந்து வாளிக்குள் போனது. ஐந்து மாதங்களில் அதே பக்கத்தில் மேலும் இரண்டு கட்டிகள். முதலாவது எந்த வகை என்று கேட்டேன். சொல்வதற்கு எவரிடமும் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

மெல்லிய ஊசியால் கலங்களை உறிஞ்சி, கண்ணாடித் தகட்டில் பூசிச் சாயமிட்டுப் பார்ப்பது மலிவான, விரைவான முதற்படி. சில கட்டிகளுக்கு அதுவே போதும். மடிக்கட்டி அப்படியல்ல, அது தீங்கற்றதா, புற்றா, வெட்டிய விளிம்பில் எச்சம் உண்டா என்பதை, அறுத்தெடுத்த இழையத்தை மெல்லிய சீவல்களாக்கி நுணுக்குக்காட்டியில் பார்க்கும் இழையப் பரிசோதனைதான் தெளிவாகக் காட்டும். அதற்கு வேண்டியதோ இழையத்தைப் போலப் பத்து மடங்கு 10 சதவீத போமலின் (இழையம் அழுகாமல் காக்கும் திரவம்), வாயகன்ற ஒரு போத்தல், ஒழுங்காக எழுதிய ஒரு விவரத்தாள். மாதிரியைப் பரிசோதிக்கக்கூடிய, கண்டிக்கு அருகிலுள்ள பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடம் எட்டாத தூரத்தில் இல்லை. கண்டி பஸ்ஸில் தினமும் எத்தனையோ பொதிகள் போகின்றன. பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகங்களில் இப்போத்தல்களை வைத்து, வாரம் ஒருமுறை மாதிரிகளை அனுப்பும் ஏற்பாட்டை மாகாணத் திணைக்களம் செய்ய வேண்டும். கட்டணத்தை உரிமையாளரிடமே அறவிடட்டும்.

வாசகர் ஒருவர்,
களுவாஞ்சிக்குடி.